எண்ணெய் கிணறு பக்கத்துல வீடு, பையனுக்கு வீஸிங் இருக்கு, லாஸ் ஏஞ்சலஸ்ல அங்க குடி போகலாமா?

நிலாவும்_தம்பியும்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு கல்வர் சிட்டில வேலை மாறியிருக்கு, அடுத்த மாசம் டெக்சாஸ்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வர்றோம். போன வாரம் வீடு பாக்க வந்தப்போ பால்ட்வின் ஹில்ஸ் பக்கம் ஒரு வீடு ரொம்ப புடிச்சிருந்துச்சு, வெளிச்சம் நல்லா வருது, ஆபீஸ் கிட்ட, வாடகையும் எங்க கைக்கு அடங்குது. ஆனா பால்கனில நின்னு பாத்தா கீழ சரிவுல எண்ணெய் எடுக்குற பம்ப்ஜாக் வரிசையா தலையாட்டிட்டு நிக்குது. ஏஜென்ட் கிட்ட கேட்டா அதெல்லாம் நூறு வருஷமா இருக்கு, இங்க எல்லாரும் பழகிட்டாங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க.

மதியம் போனப்போ ஒரு வாசனையும் இல்ல. மனசு கேக்காம அன்னைக்கே இருட்டுனப்புறம் மறுபடி போனோம், அப்போ புதுசா தார் போட்ட ரோட்டுல நிக்குற மாதிரி ஒரு நாத்தம், விட்டு விட்டு வந்துச்சு. என் பையனுக்கு நாலு வயசு, குளிர் காலம் வந்தா வீஸிங், நெபுலைசர் எப்பவும் கையில இருக்கும். நான் இப்போ அஞ்சு மாசம். அதான் பயமா இருக்கு.

இதே மாதிரி வெஸ்ட் ஆடம்ஸ்லயும் ஒரு வீடு பாத்தோம், அங்க கிணறே கண்ணுக்கு தெரியல, ஆனா தெருமுனைல ஒரு பெரிய மதில் சுவர், உள்ள என்னன்னு பக்கத்து வீட்டு அம்மாவ கேட்டா அதுவும் எண்ணெய் தான்னு சொன்னாங்க. எவ்ளோ தூரம் தள்ளி இருந்தா பரவால்ல? நாத்தம் இல்லன்னா ஆபத்து இல்லன்னு எடுத்துக்கலாமா? ஏர் ப்யூரிஃபையர் வாங்கி வெச்சா போதுமா? இதையெல்லாம் சீக்கிரம் மூடப்போறாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, அது நிஜமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ், இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும்.

தெக்கத்தி_வாசி

வணக்கம் சிஸ்டர். நான் சவுத் எல்.ஏ.ல ரொம்ப வருஷமா குடியிருக்கேன், இந்த விஷயத்துக்காக கவுன்சில் மீட்டிங் வரைக்கும் போய் பேசினவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

மொதல்ல இந்த ஊரோட கதையே எண்ணெய் தான். 1892ல டோஹினின்னு ஒருத்தர் இங்க தோண்டி எண்ணெய் எடுத்ததுல இருந்து ஆரம்பிச்சது, அப்புறம் கிணறு மேல கிணறா போட்டு அதை சுத்தியே வீடு கட்டிட்டாங்க. சிட்டி எல்லைக்குள்ள மட்டும் ஓடுறது, சும்மா கிடக்குறது, மூடுனது எல்லாம் சேத்து ஐயாயிரத்துக்கு மேல கிணறு இருக்கு. நீங்க பால்கனில இருந்து பாத்தது இங்கிள்வுட் எண்ணெய் வயல், 1924ல கண்டுபிடிச்சது, கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர். அது கண்ணுக்கு தெரியுது, அது ஒரு விதத்துல நல்லது. பீகோ புலிவார்டுல ஒரு ஆபீஸ் பில்டிங் மாதிரி கட்டி உள்ள கிணறு வெச்சிருக்காங்க, தினம் அந்த வழியா கார்ல போறவங்களுக்கே தெரியாது. அதே ரோட்டுல இன்னொன்னு யூதர் கோயில் மாதிரி கோபுரம் வெச்சு மறைச்சது. லாங் பீச்ல கடலுக்குள்ள தீவே உருவாக்கி பனைமரம் நட்டு, லைட் போட்டு மறைச்சிருக்காங்க. வெஸ்ட் ஆடம்ஸ்ல நீங்க பாத்த மதில் சுவரும் அந்த மாதிரி தான், சுவர் உயரமா இருக்கதால காத்து நிக்காது, கண்ணுக்கு மட்டும் தான் மறைவு.

நாத்தத்த பத்தி கேட்டீங்க. யூனிவர்சிட்டி பார்க்ல ஆலன்கோ-ன்னு ஒரு கம்பெனியோட சைட் இருந்துச்சு, 23வது தெருவுல, அபார்ட்மென்ட்டுக்கு எதிர்ல ரோட்ட தாண்டுனா கிணறு. 2010ல இருந்து அங்க உற்பத்திய கூட்டுனப்புறம் ஜனங்களுக்கு தலைவலி, மூக்குல ரத்தம், வயித்த புரட்டுறது, குழந்தைகளுக்கு இளைப்பு. ஏக்யூஎம்டி அதாவது காத்து மாசு கண்ட்ரோல் பண்ற ஆபீஸுக்கு நூத்துக்கணக்குல புகார் போச்சு. வருஷக்கணக்குல ஒண்ணும் நடக்கல. கடைசில 2013ல மத்திய அரசோட சுற்றுச்சூழல் துறை ஈபிஏ ஆளுங்க இன்ஸ்பெக்ஷனுக்கு உள்ள போனாங்க, போனவங்களுக்கே தொண்டை எரிச்சல், இருமல், தலைவலி வந்துச்சு. அதுக்கப்புறம் தான் அந்த நவம்பர்ல சைட் நின்னுச்சு. அங்க தினம் அதே காத்த மூச்சு விட்ட ஜனங்க அதுவரைக்கும் சொன்னத யாரும் காது குடுத்து கேக்கலங்குறது எனக்கு இன்னைக்கும் ஆறல. நலேலி கோபோன்னு ஒரு பொண்ணு, அப்போ ஒம்போது வயசு, அவளுக்கும் மூக்குல ரத்தம் வரும், அந்த வயசுலயே மைக் புடிச்சு பேச ஆரம்பிச்சா, 2022ல சுற்றுச்சூழலுக்கு குடுக்குற கோல்ட்மேன் விருது வரைக்கும் போனா.

இங்க முக்கியமானது என்னன்னா, அந்த பொண்ணு சொன்னதுல ஒண்ணு, சில நாள் அழுகுன முட்டை நாத்தம், சில நாள் கொய்யா, சாக்லேட் மாதிரி வாசனை. பெட்ரோலிய நாத்தத்த மறைக்க வாசனை திரவியம் கலந்து அடிக்குறது இந்த தொழில்ல உண்டு. அதனால நல்ல வாசனை வந்தாலும் நிம்மதி ஆயிடாதீங்க.

நீங்க உடனே பண்ண வேண்டியது ஒண்ணு. கால்ஜெம்-னு எண்ணெய் கிணறுகள கண்காணிக்குற ஸ்டேட் துறை, அவங்களோட வெல் ஃபைண்டர்னு ஒரு மேப் இருக்கு, இலவசம். ரெண்டு வீட்டு அட்ரஸையும் போடுங்க, எந்த கிணறு ஓடுது எது சும்மா கிடக்குது எதை அடைச்சுட்டாங்கன்னு புள்ளி புள்ளியா காட்டும், தூரத்த நீங்களே அளந்துக்கலாம். ஏஜென்ட் சொல்றத விட்டுட்டு அத பாருங்க.

மூச்சுக்காத்து

நான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், ஆஸ்பத்திரில குழந்தைங்க வார்டுல வேலை. மேல அண்ணா சொன்னதோட சேத்து உடம்பு சம்பந்தமா மட்டும் சொல்றேன்மா.

நாத்தம் இல்லன்னா ஆபத்து இல்லங்குறது தப்பு. அழுகுன முட்டை நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது ரொம்ப ரொம்ப கம்மியா இருந்தாலே மூக்கு கண்டுபுடிச்சிடும், அதனால தான் ஜனங்க அதுக்கு புகார் பண்றாங்க. ஆனா பென்சீன் அப்படி இல்ல. அது ரத்தப்புத்து வரவைக்கும்னு நல்லா நிரூபணமான பொருள், உடம்புக்கு கெடுதல்னு சொல்ற அளவு நம்ம மூக்குக்கு தெரியவே தெரியாது, தெரியுற அளவு வந்தா அது எக்கச்சக்கம். டீசல் எஞ்சின் புகைல வர்ற நுண்துகள், ஃபார்மால்டிஹைடு இதெல்லாமும் அப்படித்தான். இன்னொன்னு, நாத்தத்துலயே இருந்தா கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போயிடும், வாசனை போயிடுச்சுன்னு நினைப்போம், காத்து மாறியிருக்காது.

நீங்க மதியம் இல்லாம ராத்திரி நாத்தம் புடிச்சதுக்கும் காரணம் இருக்கு. பகல்ல கடல் பக்கம் இருந்து காத்து அடிச்சு எல்லாத்தையும் கிழக்கு பக்கம் தள்ளிட்டு போயிடும், அந்த நேரம் வயலுக்கு கிழக்க இருக்க வ்யூ பார்க், விண்ட்ஸர் ஹில்ஸ் பக்கம் தான் வாங்கிக்கும். பொழுது சாஞ்சா காத்து அடங்கி குளிர்ந்த காத்து தரையோட தங்கிடும், மேல மூடி போட்ட பாத்திரம் மாதிரி, கிளம்புற வாயு எல்லாம் அந்தந்த இடத்துலயே நிக்கும். அதனால வீடு பாக்குறவங்க ராத்திரியும் விடியக்காலையும் ஒருதடவ போகணும், நீங்க போனது ரொம்ப சரி.

தூரத்துக்கு வர்றேன். 2021ல யூஎஸ்சி யூனிவர்சிட்டி ஆளுங்க இதே சவுத் எல்.ஏ.ல, மேல சொன்ன ஆலன்கோ சைட்டுக்கும் ஜெஃபர்சன்னு இன்னொரு எண்ணெய் சைட்டுக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்த கிட்டத்தட்ட ஆயிரம் பேர்கிட்ட விசாரிச்சு, அதுல 700க்கு மேல ஆளுங்கள ஊத வெச்சு நுரையீரல் பலம் அளந்து ஒரு ஆய்வு போட்டாங்க. 200 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்கு அதுக்கு வெளிய இருந்தவங்கள விட ஊதுற பலம் கம்மி. அதுலயும் கிணறுல இருந்து காத்து அடிச்சு வர்ற திசைல இருந்தவங்களுக்கு இன்னும் கம்மி. இளைப்பு, தொண்டை எரிச்சல், கண் மூக்கு எரிச்சல், தலைசுத்தல் எல்லாம் கிட்ட இருந்தவங்க தான் அதிகமா சொன்னாங்க. அதே வருஷம் ஸ்டேட் கவர்மென்ட்டுக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிங்க குழுவும், ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தா மூச்சு பிரச்சனைக்கும் பிரசவ பிரச்சனைக்கும் காரணமாகும்னு உறுதியா எழுதிக் குடுத்தாங்க.

நீங்க கர்ப்பமா இருக்கதால இதையும் சொல்லணும், பயமுறுத்த இல்லமா. கலிஃபோர்னியால கிட்டத்தட்ட 30 லட்சம் பிரசவ ரெக்கார்டு வெச்சு பெர்க்லி யூனிவர்சிட்டி ஆளுங்க 2020ல ஒரு ஆய்வு போட்டாங்க. கிராமப்புறத்துல நிறைய எண்ணெய் எடுக்குற கிணறுங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்த அம்மாக்களுக்கு எடை குறைஞ்ச குழந்தை பொறக்குற வாய்ப்பு 40% கூட இருந்துச்சு. சிட்டில அந்த அளவு இல்ல, ஆனா மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லாம பொறக்குறது கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சது. இது கூட்டத்தோட கணக்கு, உங்க குழந்தைக்கு அப்படி ஆகும்னு அர்த்தம் இல்ல. ஆனா போகாம இருக்க உங்களுக்கு வழி இருக்குறப்போ எதுக்கு போகணும்னு தான் நான் கேப்பேன்.

ப்யூரிஃபையர் பத்தி: ஹெப்பா ஃபில்டர் தூசி, புகைய புடிக்கும், வாயுவ புடிக்காது. வாயுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேணும், அதுவும் சும்மா ஒரு மெல்லிசு கருப்பு ஷீட் வெச்சிருக்க மாடல் பிரயோஜனம் இல்ல, கிலோ கணக்குல கார்பன் போட்டது தான் ஏதோ உதவும், அதையும் அப்பப்போ மாத்தணும். உதவி தான், தீர்வு கிடையாது. குழந்தை வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குமா, வெளிய விளையாடணும்ல.

பையனுக்கு இப்போ ஊதி பாக்குற டெஸ்ட் சரியா வராது, அஞ்சு ஆறு வயசுக்கு மேல தான் ஒழுங்கா ஊதுவாங்க. அதனால எந்த வீட்டுக்கு போனாலும் டாக்டர்கிட்ட ஆஸ்துமா ஆக்ஷன் பிளான்னு பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட பேப்பர் ஒண்ணு எழுதி வாங்கிக்கோங்க, எந்த அறிகுறிக்கு என்ன மருந்து எப்போ எமர்ஜென்சின்னு அதுல இருக்கும், ஸ்கூல்லயும் ஒரு காப்பி குடுங்க. மூச்சு இழுக்குறப்போ நெஞ்சு உள்ள போறது, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுறது தெரிஞ்சா காத்திருக்காதீங்க.

பத்தாம்நம்பர்_ரோடு

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். எல்.ஏ.ல காத்து கெடுறதுக்கு பெரிய காரணம் வண்டி. 10, 405 ரெண்டு ஃப்ரீவேயும் அதே ஏரியால தான் ஓடுது. கிணறுல இருந்து தள்ளி போறேன்னு ஃப்ரீவே ஓரமா ஒரு அபார்ட்மென்ட் புடிச்சா பையனுக்கு இன்னும் மோசம். ஃப்ரீவேல இருந்து 500 மீட்டருக்குள்ள வளர்ற குழந்தைங்களுக்கு நுரையீரல் வளர்ச்சி குறையுதுன்னு இதே யூஎஸ்சி 2007லயே சொல்லியாச்சு. நான் ஃப்ரீவே ஓரத்துல இருந்து மாறி வந்தவன், ஜன்னல் கட்டைல வழிச்சா விரல் கருப்பா வரும், டயர் கரி அது. இப்போ எல்லாரும் எண்ணெய் எண்ணெய்னு மட்டும் பேசுறப்போ அது மறந்து போகுதுங்குறது என் கவலை. வில்மிங்டன் பக்கம் போய் பாருங்க, கிணறு, ரிஃபைனரி, துறைமுக லாரி, ரயில் எல்லாம் ஒரே இடத்துல, அங்க எது எவ்ளோ கெடுக்குதுன்னு பிரிச்சு சொல்ல முடியுமா?

மூச்சுக்காத்து

நீங்க சொல்றது நியாயம், ஃப்ரீவே ஓரம் வேண்டவே வேண்டாம்னு நானும் சொல்வேன். ஆனா அந்த 2021 ஆய்வுல ஃப்ரீவே எவ்ளோ தூரம், சிகரெட் பழக்கம், ஏற்கனவே ஆஸ்துமா இருக்கா, வயசு, உயரம் எல்லாத்தையும் கணக்குல எடுத்து கழிச்சப்புறமும் அந்த குறை நின்னுச்சு. ஒண்ணு இன்னொண்ண இல்லாம ஆக்காது, ரெண்டும் சேந்து தான் அந்த சின்ன நெஞ்சுக்குள்ள போகுது. அதனால மேப்ல ரெண்டு வட்டம் போடுங்க, கிணறுக்கு ஒரு கிலோமீட்டர், ஃப்ரீவேக்கு அரை கிலோமீட்டர். ரெண்டுக்கும் வெளிய கிடைக்குற வீடு தேடுங்க.

பத்திரம்_படிப்பவன்

சட்டம் பக்கம் நான் சொல்றேன், ரியல் எஸ்டேட் பேப்பர் வேலை எனக்கு.

மூடப்போறாங்கங்குறது பாதி உண்மை. கல்வர் சிட்டி, இங்கிள்வுட் வயல்ல தன் எல்லைக்குள்ள இருக்க பங்க மட்டும் படிப்படியா மூடணும்னு 2021ல சட்டம் போட்டுச்சு. எல்.ஏ. சிட்டி 2022 டிசம்பர்ல புது கிணறு கூடாது, பழசு 20 வருஷத்துல போகணும்னு போட்டுச்சு, அத 2024 செப்டம்பர்ல கோர்ட் செல்லாதுன்னு அடிச்சிருச்சு, அதே மாசம் உள்ளூர் நிர்வாகத்துக்கு அந்த அதிகாரம் உண்டுன்னு ஸ்டேட் ஒரு சட்டத்துல கவர்னர் கையெழுத்து போட்டார். ஸ்டேட் சட்டம் எஸ்பி 1137 வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரில இருந்து 3,200 அடிக்குள்ள புது கிணறு தோண்ட கூடாதுங்குது, அது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தான், மேல அக்கா சொன்ன அதே தூரம். 2022ல கையெழுத்தான சட்டம், எண்ணெய் கம்பெனிங்க ரெஃபரெண்டம், அதாவது மக்கள் ஓட்டுக்கு விடணும்னு மனு கொண்டு வந்து நிறுத்தி வெச்சு, 2024 ஜூன்ல அத அவங்களே வாபஸ் வாங்கினப்புறம் தான் அமலுக்கு வந்துச்சு. ஆனா கவனிங்க, புதுசுக்கு தான் தடை. ஏற்கனவே ஓடுற கிணறு ஓடும்.

இங்கிள்வுட் வயலுக்குன்னு தனியா ஏபி 2716னு ஸ்டேட் சட்டம் இருக்கு, 2030 முடியுறதுக்குள்ள அங்க கிணறுகள அடைக்கணும், கம்மியா எண்ணெய் வர்ற கிணற அடைக்காம வெச்சிருந்தா மாசம் 10,000 டாலர் அபராதம். நல்ல சட்டம். ஆனா சிட்டி சட்டத்துக்கு கோர்ட்ல என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல, பேப்பர்ல இருக்க தேதிய நம்பி லீஸ் போடாதீங்க. அப்புறம் மூடுற வேலைக்கே ரிக்ங்குற பெரிய துளை போடுற மெஷின் வரும், டீசல் எஞ்சின் ஓடும், சிமென்ட் லாரி வரும், உங்க குழந்தை பொறந்து தவழுற நேரத்துல அந்த வேலை நடக்கும்.

மூடுன கிணறும் சும்மா விட கூடாது. 1985ல ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் ஒரு துணிக்கடை அடித்தளத்துல மீத்தேன் தேங்கி வெடிச்சு 23 பேருக்கு காயம், பழைய எண்ணெய் வயல் மேல கட்டுன ஏரியா அது. அதுக்கப்புறம் தான் சிட்டில மீத்தேன் ஸோன்னு மேப் போட்டு, அங்க புதுசா கட்டுறப்போ வாயு வெளியேற பைப், டிடெக்டர் எல்லாம் வேணும்னு ரூல் வந்துச்சு. வாடகைக்கு போறவங்களும் அந்த ஸோன்ல வீடு இருக்கான்னு ஓனர்கிட்ட எழுத்துல கேளுங்க, வாய்ல சொல்றது எடுபடாது. பின்னாடி வாங்குற யோசனை இருந்தா நேச்சுரல் ஹசார்டு ரிப்போர்ட்ட கடைசி பக்கம் வரைக்கும் படிங்க, எண்ணெய் கிணறு விஷயம் பெரும்பாலும் பின்னாடி பக்கத்துல தான் ஒளிஞ்சிருக்கும்.

நிலாவும்_தம்பியும்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி வெல் ஃபைண்டர் மேப் தொறந்து ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். பால்ட்வின் ஹில்ஸ் வீட்டுல இருந்து ஓடுற கிணறு 300 மீட்டர் கூட இல்ல. வெஸ்ட் ஆடம்ஸ் வீடு அதவிட கிட்ட, மதிலுக்கு ரெண்டு கட்டடம் தள்ளி. ரெண்டையும் வேணாம்னு சொல்லிட்டோம். மூச்சுக்காத்து அக்கா சொன்ன மாதிரி ரெண்டு வட்டம் போட்டு பாத்தா மிச்சம் இருக்க இடம் ரொம்ப கம்மி, வாடகையும் கூட, ஆபீஸுக்கு தூரமும் கூடும். இருந்தாலும் பிரசவம் முடியுற வரைக்கும் ஒரு சின்ன வீடா பாத்துக்குறோம்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல உறுத்துது. வெஸ்ட் ஆடம்ஸ்ல எங்ககிட்ட பேசுன அந்த பக்கத்து வீட்டு அம்மா, அவங்க பேத்திக்கும் இன்ஹேலர் இருக்கு, படிக்கட்டுல வெச்சுட்டு பேசுனாங்க. நாங்க வேணாம்னு வந்துட்டோம், அவங்களுக்கு அது சொந்த வீடு. அவங்க மாதிரி போக முடியாதவங்க என்ன பண்ணலாம்? நம்பர் இருக்கு, அவங்ககிட்ட சொல்லணும்.

தெக்கத்தி_வாசி

கண்டிப்பா சொல்லுங்க சிஸ்டர். ஏக்யூஎம்டி புகார் நம்பர் 1-800-288-7664, ராத்திரியும் கூப்பிடலாம். நாத்தம் வர்ற நேரத்துலயே கூப்பிடணும், மறுநாள் கூப்பிட்டா இன்ஸ்பெக்டர் வர்றப்போ காத்து தெளிஞ்சிருக்கும், ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டு போயிடுவாங்க. எங்க தெருவுல அப்படித்தான் நடந்துச்சு மொதல்ல. ஒரே வீட்டுல இருந்து பத்து புகார் போறத விட பத்து வீட்டுல இருந்து ஆளுக்கு ஒண்ணு போறது தான் எடுபடும், அதனால பக்கத்து வீடுகள்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சுக்க சொல்லுங்க, ஒருத்தருக்கு நாத்தம் வந்தா எல்லாரும் உடனே போன் பண்ணணும். புகார் நம்பர் குடுப்பாங்க, எழுதி வெச்சுக்கணும்.

ஒரு நோட்டு போடட்டும். தேதி, நேரம், என்ன நாத்தம், காத்து எந்த பக்கம் இருந்து, பேத்திக்கு இன்ஹேலர் எத்தன தடவ, மதிலுக்குள்ள ரிக் நின்னுச்சா, டேங்கர் வந்துச்சா. கிணத்துக்குள்ள விடுற ஆசிட் ஏத்திட்டு வர்ற லாரில ஆபத்து பலகை ஒட்டியிருக்கும், போட்டோ எடுக்கட்டும். கிணறு தோண்டுறதுக்கோ, பெரிய ரிப்பேருக்கோ, ஆசிட் விடுறதுக்கோ முன்னாடி கம்பெனி ஏக்யூஎம்டிக்கு சொல்லணும்னு ரூல் 1148.2 இருக்கு, அந்த அறிவிப்பு இமெயில்ல வர்ற மாதிரி பதிவு பண்ணிக்கலாம், அந்த நாள்ல பேத்திய வேற இடத்துக்கு கூட்டிட்டு போகவாவது உதவும். டாக்டர்கிட்ட போறப்போ நாங்க கிணறு பக்கத்துல இருக்கோம்னு வாய விட்டு சொல்லி கேஸ் ஷீட்ல எழுத வைக்கணும், நாளைக்கு கேஸுன்னு வந்தா அது தான் நிக்கும்.

ஸ்டாண்ட் எல்.ஏ.ன்னு சங்கங்கள் சேந்த ஒரு கூட்டமைப்பு இருக்கு, சிட்டி சட்டம் வர்றதுக்கு அந்த ஜனங்க போட்ட உழைப்பு கொஞ்ச நஞ்சம் இல்ல. ஸ்பானிஷ்லயும் பேசுவாங்க. அந்த அம்மாவுக்கு என் நம்பர் குடுக்கணும்னா எனக்கு தனியா மெசேஜ் போடுங்க, அவங்க தெருவுல இருந்து நான் ரொம்ப தூரம் இல்ல, மொத தடவ புகார் பண்றப்போ கூட நிக்குறேன்.